திருமலையில் எந்தத் தண்ணீரை நம்புவது? முதுகுப் பையோடு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு

போன ஆனி மாதம் என் தங்கையின் மகன் இரண்டு கூட்டாளிகளோடு கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலைக்கு, எங்கள் திருமலைக்கு, வந்து இறங்கினான். முதுகில் பெரிய பை, அதன் பக்கவாட்டில் நீல நிறத்தில் ஒரு குழல். "மாமா, இனித் தண்ணிப் போத்தல் வாங்கிற வேலையே இல்லை. இது 0.1 மைக்ரோன் பில்டர்" என்றான். அவனுடைய சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லாமல் நானும் நிலாவெளிக்குக் கூடவே போனேன்.

அவர்கள் அறை எடுத்திருந்த வீட்டின் கிணற்றடியில் ஒரு வாளி அள்ளினான். பில்டரோடு வந்த பையில் நிரப்பிச் சுருட்டிப் பிழிந்தான். கிளாசில் இறங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மிடறு குடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"உப்புக் கரிக்குது, மாமா."

குசினி வாசலில் நின்ற வீட்டுக்கார அக்கா சிரித்தார். "தம்பி, அது குளிக்கிற தண்ணி. குடிக்கிறதுக்கு உள்ளே குடத்தில இருக்கு."

திருமலைக்கு வருகிற பலருக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான். கிருமிக்குப் பயந்து ஆயத்தமாக வருகிறார்கள். இங்கே முதலில் எதிர்ப்படுவது உப்பு. பில்டர், குளிசை, கொதிக்க வைப்பது, வெயிலில் வைப்பது என்று என்ன செய்தாலும் உப்புப் போகாது. அதனால் எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன், கையில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் மணல் கரை. அந்த மணலுக்குக் கீழே, மாரியில் இறங்கிய மழைநீர் கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக மிதந்து கிடக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைவு, அதனால் மேலே நிற்கிறது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையில் அந்தப் படலம் தடிக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் மெலியும். சுற்றுலாக்காரர் கூடுவதும் அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு விடுதியிலும் மோட்டார் ஓட ஓடக் கீழே இருக்கும் சவர், அதாவது உப்புத் தண்ணீர், மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கிணறு தெளியாமல் இன்னும் உவர்ப்பானதும் இதனால்தான். கரையோர வீடுகளில் குளிக்க ஒரு கிணறு, குடிக்க வேறோர் இடத்துத் தண்ணீர் என்று வைத்திருப்பதைப் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் "நல்ல தண்ணி எங்கே எடுக்கிறீங்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நகரத்துக் குழாய்த் தண்ணீர் வேறு கதை. அது கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குளோரின் போட்டு வருவது. உப்பில்லை. நாங்கள் வீட்டில் அதைத்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். அப்படியே குடிப்பதில் எனக்கிருக்கும் தயக்கம் குழாயைப் பற்றியதில்லை, கூரைத் தொட்டியைப் பற்றியது. விடுதி மேலே நிற்கும் கறுப்புத் தொட்டியை யார் எப்போது கழுவினார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெயிலில் குளோரின் பறந்து போயிருக்கும். இந்தத் தண்ணீருக்குத்தான் நீங்கள் கொண்டு வரும் கருவிகள் எல்லாம் வேலை செய்யும்.

போத்தல்

விலையிலிருந்து தொடங்குவோம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதிகபட்ச சில்லறை விலைப்படி 500 மில்லிலீற்றர் போத்தல் 70 ரூபாய், 1 லீற்றர் 100, 1.5 லீற்றர் 130, 5 லீற்றர் 350. ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர் என்று வைத்து நான்கு நாளுக்கு 16 லீற்றர். சின்னப் போத்தலாக வாங்கினால் 32 போத்தல், 2,240 ரூபாய். ஒன்றரை லீற்றராக வாங்கினால் 11 போத்தல், 1,430. மூன்று 5 லீற்றர் கானும் ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றும் என்றால் 1,150. கிட்டத்தட்டப் பாதி விலை, குப்பையோ நாலே நாலு பிளாஸ்ரிக். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் பொலித்தீனை மெல்வதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

கானை அறையில் வைத்து, சொந்தப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போவதுதான் முறை. வாய் வைத்துக் குடிக்க வேண்டாம். திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வாங்கும்போது இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா, மூடியைத் திருகும்போது வளையம் 'டிக்' என்று உடைகிறதா, இரண்டையும் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருப்பதை விட்டு உள்ளே இருப்பதைக் கேளுங்கள், தருவார்கள்.

சில விடுதிகளில் 19 லீற்றர் கான் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அது இருக்கிற இடத்தில் அறை கிடைத்தால் மேலே சொன்ன கணக்கே தேவையில்லை.

கொதித்தாறிய தண்ணீர்

என் ஓட்டு இதற்குத்தான். நன்றாகக் கொந்தளித்து ஒரு நிமிடம் கொதித்தால் பக்றீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றும் சாகும். பில்டராலும் குளிசையாலும் தனித்தனியே முடியாத காரியம் அது. செலவு, வீட்டுக்கார அக்காவின் அடுப்புக் காஸில் ஒரு பங்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் ஒருவரும் மறுப்பதில்லை. மூடி வைத்து விடிய எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விசயம் கவனியுங்கள். சுடச்சுடப் பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றினால் போத்தல் சுருங்கிக் கோணலாகிவிடும். மருமகனின் கூட்டாளி ஒருவன் செய்து பார்த்தான், கடைசியில் அந்தப் போத்தல் மேசையில் நிமிர்ந்து நிற்கவே இல்லை. எவர்சில்வர்ப் போத்தல் கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு பழைய காலுறையை மாட்டி நனைத்து, கச்சான் காற்று படுகிற யன்னலில் வையுங்கள். வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகும்போது போத்தலின் சூட்டையும் கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மாரி காலத்தில் காற்றே ஈரம் என்பதால் இது அவ்வளவாகப் பலிக்காது. (இரட்டைச் சுவர்ப் போத்தலிலும் பலிக்காது. உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்தால்தானே!)

இன்னொரு வகையிலும் கொதித்த தண்ணீர் கிடைக்கும்: தேத்தண்ணி. வெளியே சுற்றும்போது எந்தச் சந்தியிலும் கையில் கிடைக்கிற பாதுகாப்பான பானம் சுடச்சுட ஒரு பிளேன்ரிதான். கிளாசை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக் கழுவுகிற கடையென்றால் உங்கள் கோப்பையை நீட்டுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

குளிசை

குளோரின் குளிசை ஒரு அட்டை சில கிராம்தான். பையில் கிடப்பதே தெரியாது. பெட்டியில் சொன்ன அளவு தண்ணீரில் போட்டு 30 நிமிடம் பொறுத்தால் பக்றீரியாவும் வைரஸும் போய்விடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் குளோரினுக்கு அசையாது. கலங்கல் தண்ணீரில் குளிசையின் வலு குறையும். குழாய்த் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இது தாராளமாகப் போதும்.

வாசம் பிடிக்காதவர்கள் தேசிக்காய் பிழிகிறார்கள். அதிலுள்ள வைற்றமின் சி குளோரினை முறித்துவிடும், மணம் போய்விடும், உண்மைதான். ஆனால் முதலிலேயே பிழிந்தால் குளோரின் கிருமியைக் கொல்வதற்கு முன்பே முறிந்துவிடும். அரை மணி முடிந்த பிறகு பிழியுங்கள். குளிசையை வரும்போதே வாங்கி வாருங்கள், இங்கே வந்து பாமசி பாமசியாக ஏறி இறங்க வேண்டாம்.

பில்டர்

மருமகனுக்காக நியாயமாகச் சொல்கிறேன். கருவி நல்லது. 0.1 மைக்ரோன் துளைக்குள்ளால் பக்றீரியாவும் ஒட்டுண்ணியும் போகாது. வைரஸ் போகும், அது இன்னும் சின்னது. உப்பு, புளோரைட்டு, விவசாய மருந்து எதுவும் நிற்காது. 30 முதல் 50 டொலர் கொடுத்து வாங்கும் இந்தப் பொருள் தன் திறமையைக் காட்டுவது மலையில், ஓடை ஓடையாகத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில். எங்கள் மாவட்டத்தில் ஓடை தேடிப் போகிறவர் குளத்தில்தான் போய் நிற்பார். குளத்தில் வயல் உரமும் மருந்தும் வந்து சேரும், சில குளங்களில் முதலையும் உண்டு. கரையோரம் என்றால் உப்பு. பில்டருக்கு வேலை தரக்கூடியது நகரத்துக் குழாய் மட்டும்தான். அதற்குக் குளிசையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் கிடத்தும் முறையும் ஒன்று உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும். திருமலை வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் வைத்ததைப் பின்நேரம், அதுவும் இளஞ்சூட்டில், குடிக்க யாருக்குப் பொறுமை? வேறு ஒன்றும் இல்லாத நாளுக்கு ஞாபகத்தில் வைத்திருங்கள்.

எந்த நாளுக்கு எது

நகரத்துக்குள் சுற்றும் நாள், கோட்டை, கோணேசர் கோயில், கடைத்தெரு என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரோடு புறப்பட்டால் போதும். மிச்சத்துக்குக் கடையும் செவ்விளநீரும் இருக்கின்றன.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு கிணறும் குளிக்கத்தான். வெந்நீர் என்ற பெயரை நம்பி யாரும் குடித்துவிட வேண்டாம். அது கொதிக்கிற சூடில்லை, 40 பாகைக்குக் கிட்ட நிற்கிற சூடு. கிருமிக்கு அது குளிர்விட்ட சுகம். ஊரே வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுகிற இடம் வேறு.

புறாத்தீவு நாள்தான் தப்புக் கணக்குப் போட்டு மாட்டிக்கொள்ளும் நாள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், படகில் சில நிமிடம். அதனால் ஆளுக்கு அரை லீற்றர்ப் போத்தலோடு ஏறிவிடுகிறார்கள். தீவில் நன்னீர் கிடையாது, கடை கிடையாது. தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்துப் பவளப்பாறை பார்க்கும்போது வியர்ப்பதே தெரியாது, முதுகோ காய்ந்துகொண்டிருக்கும். வாயில் கடல்நீர் வேறு போகும். அரை நாளுக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர், அதுவும் உலோகப் போத்தலில். 2003 முதல் அது தேசியப் பூங்கா, பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் கொண்டு போகிற இடமில்லை. இந்த நாளுக்குக் குளிசையாலும் பில்டராலும் ஒரு பிரயோசனமும் இல்லை. சுமந்துதான் ஆக வேண்டும்.

வடக்கே குச்சவெளி தாண்டி அரிசிமலை, புல்மோட்டை வரை போகிறவர்கள் 5 லீற்றர் கானையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பக்கம், பதவி ஸ்ரீபுர மாதிரி இடங்களில் சிறுநீரக நோய் காரணமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊர்க்காரரே தவிர்த்து, ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஆர்.ஓ. ஒன்றுதான் உப்பையும் நீக்கும். முதுகுப் பைக்குள் அடங்காது என்பதுதான் குறை.

குடித்தும் களைத்தால்

வெயிலில் நடக்கும்போது ஒரு லீற்றர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் உடம்பிலுள்ள உப்பு இன்னும் ஐதாகும், தலையிடியும் குமட்டலும் வரும். தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பார்கள். செவ்விளநீர் நல்லதுதான், வெட்டிய கையோடு குடிப்பதால் சுத்தமும் கூட. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர், சொதி, உப்புக் கச்சான் என்று எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். (வீசுகிற காற்றும் கச்சான், கொறிக்கிற கடலையும் கச்சான். வெளியூர்க்காரருக்கு விளங்க வைக்க ஒரு பிளேன்ரி குடிக்கும் நேரம் பிடிக்கும்.)

வயிற்றோட்டம் என்றால் ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள். எந்தப் பாமசியிலும் கிடைக்கும். பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் கெதியாகக் குணமாகும் என்று நினைத்துக் குறைவான தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டம் கூடும். பைக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைச் சவர்க் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் கரைத்துவிடாதீர்கள், அதில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

சாப்பாடு: பார்சலா, கொத்தா, கையில் கொண்டு போவதா

பார்சலில் நான் அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அரிசிமலைக்குப் போகும் வழியில் காலை பத்தரைக்கு ஒரு சோற்றுப் பார்சல் வாங்கினேன். சூடாக, நல்ல மணமாக இருந்தது. பையில் போட்டுக்கொண்டு, கடலில் குளித்து, மூன்று மணிக்கு அவிழ்த்தேன். மணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருட்டும்போது வாந்தி தொடங்கியது, விடியும்வரை விடவில்லை. கடைக்காரரில் பிழை சொல்ல முடியாது. சோற்றில் இருக்கும் ஒரு வகைப் பக்றீரியாவின் வித்து சமைத்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த சாப்பாட்டை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதே என்பது பொதுவான விதி. 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம். திருமலையில் ஆனி ஆடியில் பகல் முழுக்க அந்த இரண்டாவது விதிதான். ஆகவே பார்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கின இடத்திலேயே, வாங்கின கையோடு சாப்பிடுங்கள்.

இரவுக்குக் கொத்து ரொட்டியை நம்பலாம். தகட்டில் உங்கள் கண்முன்னே ஆவி பறக்கக் கொத்துகிறார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் ஆறிக் கிடக்கும் குழம்பை மட்டும் யோசித்து ஊற்றுங்கள். காலைக்குப் பிட்டு, இடியப்பம், சொதி. சுடச்சுட இருக்கும்போது இவற்றுக்கு ஈடில்லை. மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போகத்தான் உதவாது, தேங்காய்ப்பூ சேர்ந்த எதுவும் இந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். வழிக்கு வேண்டுமானால் ரொட்டியும் கட்டைச்சம்பலும். அதில் தேங்காய் இல்லை, உப்பும் மிளகாயும் தேசிக்காயும் காப்பாற்றும். அப்புறம் வாழைப்பழம், கச்சான், எள்ளுருண்டை. காஸ் அடுப்புத் தூக்கி வந்து கடற்கரையில் சமைக்கிற யோசனை இருந்தால், கச்சான் காற்றில் அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மீன் சாப்பிடாமல் திருமலையை விட்டுப் போக யாரும் சொல்ல மாட்டார்கள். சூரை மாதிரி மீன்களை மட்டும் கவனியுங்கள். பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும், பொரித்தாலும் போகாது. சாப்பிட்டு அரை மணிக்குள் முகம் சிவந்து தலை இடிக்கும், ஒவ்வாமை என்றே நினைப்பீர்கள். நாக்கில் மிளகு மாதிரிச் சுரீரென்றால் தட்டைத் தள்ளி வையுங்கள்.

ஐஸ் என்றதும் இன்னொன்று. ஜூஸில் மிதக்கும் கட்டியின் நடுவில் துளை இருந்தால் அது குடிப்பதற்கென்று இயந்திரத்தில் செய்தது. உளியால் உடைத்த ஒழுங்கற்ற துண்டென்றால் மீன் பெட்டிக்குச் செய்த பாளத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். "ஐஸ் போடாமல் தாங்கோ, அண்ணை" என்று சொல்லிவிடுவது சுகம்.

மருமகனும் கூட்டாளிகளும் நான்கு நாளும் அக்காவின் குடத்துத் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடித்தார்கள், புறாத்தீவுக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர் சுமந்தார்கள். பில்டரை விற்கப் போகிறேன் என்றான். வேண்டாமடா, நக்கிள்ஸ் மலைக்குப் போகும்போது கொண்டு போ என்றேன். போன மாதம் போயிருக்கிறான். ஒரு ஓடைக்கரையில் அந்த நீலக் குழலைப் பிழிந்தபடி எடுத்த படம் வந்தது, கீழே ஒரு வரி: "உப்பில்லை மாமா."